வயித்துக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. லேப், பரீட்சை, ஹேவர்டுக்கும் ஃப்ரீமான்ட்டுக்கும் நடுவுல பார்ட் ரயில்னே பொழுது போயிடுது. ஆனா இதை இன்னிக்கு எழுதலைன்னா எனக்கு மனசு ஆறாது.

ஃப்ரீமான்ட்டுல ஒரு தமிழ்க் குடும்பத்தோட வீட்டுல அறை எடுத்துத் தங்கியிருக்கேன். அந்த வீட்டு அக்கா சென்னைல மூணு மாசம் இருந்துட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் மாசாமாசம் இளைச்சுக்கிட்டே போனாங்க. "என்னக்கா மந்திரம்?"னு கேட்டேன். "சோத்தை விட்டேன் தம்பி, லேக் எலிசபெத்தைச் சுத்தி நடக்கிறேன்"னாங்க. நானும் நம்பினேன்.

அப்புறம் அவங்களுக்கு முட்டி வலி. என்கிட்ட இருந்த ஐபுப்ரூஃபன் டப்பாவை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். படிக்கிறது உயிர்வேதியியல், பெரிய டாக்டர்னு நெனப்பு! ரெண்டு வாரம் தினமும் போட்டாங்க. ஒருநாள் ராத்திரி தாங்கமுடியாத வயித்து வலி, கறுப்பா மலம். எமர்ஜென்சிக்கு ஓடினோம். அங்க டாக்டர் தோண்டித் துருவிக் கேட்டப்பதான் உண்மை வெளிய வந்துச்சு: சென்னைல அவங்க பண்ணிக்கிட்டது இரைப்பை பைபாஸ். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. இங்க வழக்கமா பாக்குற டாக்டருக்குக்கூடச் சொல்லலை. வயித்தையும் குடலையும் சேர்த்துத் தைச்ச இடத்துல புண்ணு. இப்ப நல்லா இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

பைபாஸ்ல என்ன பண்றாங்கன்னா, வயித்தோட மேல்பகுதில முட்டை அளவுக்கு, சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையை விட்டுட்டு, அதை நேரா சிறுகுடலோட நடுப்பகுதில இணைச்சுடுவாங்க. மிச்ச வயிறும், டியோடினம்ங்கிற முன்சிறுகுடலும் உணவுப் பாதையில இருந்து விலகிடும். நாம சாப்பிடுற இரும்புச்சத்து முக்கியமா உறிஞ்சப்படுறது அந்த டியோடினத்துலதான். பி12 சேர வயித்துல சுரக்கிற ஒரு புரதம் வேணும். அதனாலதான் இவங்க ஆயுசு பூரா சத்து மாத்திரை சாப்பிடணும்.

சத்து மாத்திரை கதைதான் மத்த மாத்திரைக்கும். கடையில விக்கிற மாத்திரையோட அளவு, முழு வயிறும் முழுக் குடலும் இருக்கிறவங்களை மனசுல வச்சுக் கணக்குப் போட்டது. மெதுவாக் கரையுற மாத்திரை முழுசாக் கரையறதுக்கு முன்னாடியே வெளிய போயிடலாம். கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. எடை குறைஞ்சதும் கருத்தரிக்கிற வாய்ப்பு கூடுங்கிறதால இது ரொம்ப முக்கியம். தைராய்டு மாத்திரையோட கால்சியமும் இரும்பும் ஒரே நேரத்துல போட்டா அது சரியா ஏறாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

"சரி, மருந்து கம்மியா ஏறும், அவ்ளோதானே, டோஸைக் கூட்டிக்கலாம்"னு நெனைக்காதீங்க. 2011-ல 'டயபடீஸ் கேர்' இதழ்ல வந்த கனடா ஆய்வுல, பைபாஸ் பண்ணினவங்களுக்கு மெட்ஃபார்மின் மத்தவங்களை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சேர்ந்துச்சு. சாராயமும் அப்படித்தான், சர்ர்ருனு ஏறும். எது கூடும் எது குறையும்னு மருந்துக்கு மருந்து பாத்துத்தான் சொல்லணும். அதைப் பாக்குற டாக்டருக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியலைன்னா?

என் கோபம் ஆபரேஷன் மேல இல்ல. அது நிறைய பேரோட சர்க்கரையைக் கட்டுப்படுத்தியிருக்கு. 1991-ல அமெரிக்காவுல பி.எம்.ஐ. 40, இல்லைன்னா கூட நோய் இருந்தா 35-னு வச்சிருந்த கோட்டை, 2022-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் இறக்கிருச்சு. ஆசிய வம்சாவளியினருக்கு 27.5-லயே பேசலாம்ங்குது. அதாவது நம்மாளுங்கதான் இனி அதிகமாப் பண்ணிக்கப் போறாங்க.

என் கோபம் நம்ம வாய் மேல. "குண்டச்சி"ன்னு சொல்றதும் நாமதான். இளைச்சா "குறுக்கு வழில போயிட்டா"ன்னு சொல்றதும் நாமதான். பித்தப்பையை எடுத்தா ஊருக்கே போன் போட்டுச் சொல்றோம். வயித்தைச் சுருக்கினா மட்டும் ஏன் மறைக்க வேண்டியிருக்கு? அந்த வெட்கத்தை அக்காவுக்குக் கொடுத்தது அந்த ஆபரேஷன் பண்ணின டாக்டர் இல்லை, பாட்லக்ல ப்ளேட்டை எட்டிப் பாக்குற நாமதான்.

சொந்தக்காரங்களுக்குச் சொல்லவேணாம், சரி. டாக்டர், பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர் மூணு பேருக்கும் சொல்லியே ஆகணும். என்ன ஆபரேஷன், எந்த வருஷம்னு ஒரு சீட்டுல எழுதிப் பர்ஸ்ல வச்சுக்கணும். அந்தச் சீட்டு இப்ப அக்கா பர்ஸ்ல இருக்கு.

நானும் ஒண்ணு கத்துக்கிட்டேன். யாராவது தலைவலின்னு சொன்னா இப்பல்லாம் டப்பாவை எடுக்கிறதில்லை. "ஏற்கனவே என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?"ன்னு முதல்ல கேக்குறேன்.

உங்க வீட்டுலயும் இந்தக் கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பேரு போட வேணாம், அனானியா வந்தாலும் சந்தோஷம்தான்.