பெருக்கிய கணக்கும் எண்ணிய கணக்கும்

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றன என்று மருத்துவக் கட்டுரைகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. இது நாடு முழுவதும் எண்ணிக் கண்ட எண் அன்று. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 9 பேருக்கு இக்குறைபாடு உண்டு என்பது உலகளாவிய மதிப்பீடு. அதை நாட்டின் ஆண்டுப் பிறப்புகளான சுமார் 2.3 கோடியோடு பெருக்கினால் இந்த எண் கிடைக்கிறது. பெருக்கல் தவறன்று. ஆனால் எந்த மாவட்டத்தில், எவ்வகைக் குறைபாடு, அது கூடுகிறதா குறைகிறதா என்னும் கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை.

எண்ணிப் பார்த்த முயற்சிகளும் உண்டு. தில்லியில் ஒரு மருத்துவமனையில் பிறந்த 20,307 குழந்தைகளுக்கு எக்கோ பரிசோதனை செய்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. அவர்களுள் 164 பேருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு இருந்தது. அதாவது 1,000க்கு 8.07. மேலும் 687 பேருக்கு மிகச் சிறிய குறைகள் காணப்பட்டன. அவற்றையும் சேர்த்தால் விகிதம் 1,000க்கு 40ஐத் தாண்டிவிடும். எதைக் குறைபாடு எனக் கொள்வது என்ற பொது வரையறை இல்லாமல் ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரின் கணக்கோடு ஒப்பிட இயலாது என்பதே இதன் பாடம்.

மருத்துவமனைப் பதிவேடுகள் வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அறியும். கருவில் திறந்திருக்கும் ஒரு இரத்த நாளம், பிறந்த சில நாட்களில் இயல்பாகவே மூடிக்கொள்கிறது. சில கடுமையான குறைபாடுகளில் குழந்தையின் உயிரைத் தாங்கி நிற்பதே அந்த நாளம்தான். நலமாக வீடு திரும்பிய குழந்தை மூன்றாம் நாளில் நீலம் பாரித்து மூச்சுத் திணறி இறந்தால், காரணம் கிருமித்தொற்று என்றே கருதப்படக்கூடும். அக்குழந்தை எந்த இதயக் கணக்கிலும் இடம்பெறாது.

அறுவை சிகிச்சைக்கே வழியில்லாத இடங்களில் எண்ணி என்ன பயன் என்ற மறுப்பு எழலாம். சிகிச்சை மையங்கள் தென்மாநிலங்களிலும் சில பெருநகரங்களிலும் குவிந்து கிடப்பதற்கு, தேவை எங்கே என்று காட்டும் கணக்கு இல்லாததும் ஒரு காரணம். தடுப்புக்கும் கணக்கே அடிப்படை. கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் பாதிக்கிறது என்பது 1941இல் ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் தம்மிடம் வந்த குழந்தைகளை ஒப்பிட்டு நோக்கியதால் வெளிப்பட்டது. இந்தியாவில் 2017இல் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி எத்தனை இதயங்களைக் காத்தது என்பதைத் தொடர்ச்சியான கணக்கு இன்றி எவரால் கூற முடியும்? அமெரிக்காவின் அட்லாண்டாவில் இத்தகைய கணக்கு 1967 முதல் நடைபெறுகிறது.

அடித்தளம் இங்கும் உண்டு. பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. கேரளத்தின் ‘ஹ்ருதயம்’ திட்டம் 2017 முதல் குழந்தைகளை இணையவழியில் பதிவு செய்து சிகிச்சைக்கு அனுப்புகிறது. இனி வேண்டுவது மூன்று. வீடு திரும்புமுன் ஒவ்வொரு குழந்தைக்கும் வலக்கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சோதனை நடைபெற வேண்டும். அச்சோதனையில் தப்பும் குறைபாடுகளைக் கண்டறிய, தடுப்பூசி நாட்களில் இதய ஒலியைக் கேட்க வேண்டும். இம்முடிவுகள் பிறப்புப் பதிவோடும் இறப்புப் பதிவோடும் இணைய வேண்டும். அப்போதுதான் மூன்றாம் நாளில் இறந்த குழந்தையும் கணக்கில் சேரும்.