கோடை விடுமுறையில் ஊறுகாயும் ஊசிநூலும்

கோடை வந்தால் சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம் பக்கத்து வீடுகளில் மாங்காய்ப் பேச்சுதான். கொட்டை ஓட்டோடு வெட்டிய துண்டுகளைத் துடைத்து, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஜாடியில் அடைத்தால் ஆவக்காய்.

இந்த வேலைகளில் பிள்ளைகளுக்கு இடம் உண்டா? பல வீடுகளில் கைபேசியைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடுகிறார்கள். அது தவறு. ஈரம் பட்ட ஊறுகாய் ஏன் பூசணம் பிடிக்கிறது, உப்பு என்ன செய்கிறது என்பதையெல்லாம் அடுப்படி கண்முன்னே காட்டிக் கற்றுத்தரும்.

கைவேலையும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா வடிவமைப்பகம் மீனவப் பெண்களுக்கு வெட்டுத்துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுத்தந்தது. பெயர் ‘சுனாமிகா’. அதை விற்கவில்லை, அன்பளிப்பாகவே உலகெங்கும் அனுப்பினார்கள். நன்கொடையால் அந்தப் பெண்களுக்கு வருமானம் வந்தது. துயரிலிருந்து மீளவும் அந்த வேலை துணைநின்றது.

தையல் கடை உள்ள எந்த ஊரிலும் வெட்டுத்துணி மிஞ்சும். பிள்ளைகள் அதில் பொம்மையும் பையும் தைத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.

அப்பாக்களும் கூட உட்கார வேண்டும்; பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது அம்மா தலையில் இன்னொரு சுமையாக ஏறக்கூடாது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாரம் ஒரு மாலை இடம் கொடுத்தால், வரும் கோடையிலேயே தொடங்கிவிடலாம்.