படுக்க வைப்பதுதான் பரிவா?



நான் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக நடந்த கால்கள். இன்று நுரையீரலில் புற்றுநோய், முற்றிய நிலை. நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், "எழாதீங்க மாமா, மூச்சு வாங்கும்" என்று லயமே கூடிவிடுகிறது.

அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் படுத்தே கிடக்கும் காலில் சதை வற்றுகிறது. பிறகு குளியலறைக்குப் போகவே இரைக்கிறது. இரைப்புக்குப் பயந்து மீண்டும் படுக்கை. நோய் ஒரு பக்கம் தின்ன, பாய் மறுபக்கம் தின்கிறது.

நம் நாட்டில் இந்நோய் கண்டவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். "முற்றிவிட்டது, இனி என்ன?" என்று அத்தனை பேரையும் கைகழுவி விடலாமா?

2019இல் காக்ரேன் ஆய்வாளர்கள் 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 221 நோயாளிகள். பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிட 6 நிமிடத்தில் சராசரியாக 63 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. மூச்சிரைப்பு மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆய்வுகள் சிறியவை, சான்று உறுதியானதல்ல என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நடந்தால் நோய் தீரும் என்று எவனாவது லேகியக்காரன் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 63 மீட்டர் அற்பமா? எங்கள் லயத்திலிருந்து மாரியம்மன் கோயில் வாசல் அவ்வளவு தூரந்தான்!

செய்வது பெரிய வித்தையல்ல. பேசிக்கொண்டே போகும் வேகத்தில் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், களைத்தால் ஓய்வு. முதலில் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் பளு தூக்குவதில் எலும்பு முறியலாம். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், சளியில் இரத்தம் கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் பயிற்சி சொல்லித்தரும் பிரிவு இருக்கிறது. ஆனால் பகாவ், ஜெலுபு பக்கமிருந்து நோயாளி போய்வர, துணைக்கு ஒருவர் அன்றைய சம்பளத்தை இழக்கவேண்டும். ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகங்களிடம் இரண்டு கேட்போம்: சிகிச்சை நாளில் வண்டி, துணைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தோடு லீவு. மருத்துவமனைகளிடம் ஒன்று: வீட்டில் செய்யவேண்டியதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரட்டும். மலாயில் தந்த தாள் எங்கள் பெரியவரின் தலையணைக்கடியில் ஒரு மாதம் கிடந்தது.

டாக்டர் சம்மதித்த பிறகு, போன ஞாயிறு அவரை நடத்திப் பார்த்தோம். மூன்றாவது வீட்டு வாசலில் உட்கார்ந்து, சீனி தூக்கலாக ஒரு தேத்தண்ணி கேட்டார்.