கல்லூரியைக் காப்பாற்றினார்கள், யாருக்காக?

திருச்சபைக் கல்லூரி எதிலாவது நிர்வாகத் தகராறு வந்தால் எங்களிடம் கேட்கிறார்கள்: நீங்கள் பேராயர் பக்கமா, முதல்வர் பக்கமா? இரண்டு பக்கமும் இல்லை. சேர்க்கைப் பட்டியலைக் காட்டுங்கள் என்கிறோம்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்துக்குப் போனது 1937இல்தான். அதற்குமுன் நூறு வருடம் இங்கேயே, துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் இருந்தது. ராயபுரத்திலிருந்து நடந்தே போகலாம்.

1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் அதைப் பள்ளியாகத் தொடங்கினார். அடுத்த வருடமே, பறையர் சிறுவர் இருவர் அங்கே படிப்பது தெரிந்ததும், அவர்களை வெளியேற்றச் சொன்னார்கள் சாதி இந்துக்கள். ஆண்டர்சன் மறுத்தார். ஏராளமான பிள்ளைகள் நின்றுபோனார்கள். அவர் இறங்கிவரவில்லை. இந்தக் கதையை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

1862 கடைசியில் வில்லியம் மில்லர் வந்தபோது நிறுவனம் நொடித்துக் கிடந்தது. அவர்தான் தூக்கி நிறுத்தினார். 1877இல் ஆங்கிலிக்கன், வெஸ்லியன் மிஷன்களும் கைகோத்து அது 'கிறித்துவக் கல்லூரி' ஆனது. ஒன்றோடொன்று ஒட்டாத சபைகளை ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பிராமண, உயர்சாதி இந்துப் பையன்கள். மில்லரின் கொள்கையே அதுதான்: மேல்தட்டுக்குப் படிப்பைக் கொடுத்தால் கிறித்தவச் சிந்தனை சமூகம் முழுக்கப் பரவும். சேரிவரை பரவியதா? அதே ஸ்காட்லாந்துச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ 1890களில் செங்கல்பட்டில் பறையர்களின் நிலத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். ஒரே சபை, இரண்டு வழி. பெயரும் கட்டடமும் எந்த வழிக்குக் கிடைத்தன என்று பாருங்கள்.

இன்றைய கணக்குக்கு வருவோம். அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் சம்பளம் மக்கள் வரிப்பணம். சிறுபான்மை நிறுவனம் என்பதால் அரசியல் சட்டப் பிரிவு 15(5) சொல்லும் இடஒதுக்கீடு அதைக் கட்டுப்படுத்தாது. சிறுபான்மை உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்; அதைப் பறிக்கத் துடிப்பவர்கள் யாரென்று தெரியும். ஆனால் அந்த உரிமைக்குள் தலித் கிறித்தவருக்கு என்ன பங்கு? 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார். அரசும் கைவிட்ட பிறகு, அவரது பிள்ளைக்கு இடம் கிடைப்பது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது.

நிர்வாகக் குழுத் தேர்தலில் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் தோழர்கள் மூன்று பட்டியல் கேளுங்கள்: மாணவர், ஆசிரியர், நிர்வாகக் குழு. மூன்றிலும் தலித்துகள் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள்.