காமாலைக்கு மருந்தே இல்லையாமே!

யாருக்காவது கண் லேசாக மஞ்சளித்தால் போதும், தெருவே டாக்டராகிவிடும். 'இங்கிலீஷ் வைத்தியத்துல காமாலைக்கு மருந்தே கிடையாது சார். கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிங்க. பதினஞ்சே நாள்!' சொல்பவர் பாமரர் அல்ல. பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவராக இருப்பார்.

காமாலை ஒரு நோயே அல்ல, அறிகுறி. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு உண்டாகிறது. அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. அந்த வேலை தடைப்பட்டால் கண் மஞ்சளாகிறது. தடை எதனால்? வைரஸாக இருக்கலாம், சாராயமாக இருக்கலாம், பித்தக்குழாயை அடைத்த கல்லாக இருக்கலாம், எதற்கோ விழுங்கிய மாத்திரையாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் 'காமாலைக்கு மருந்து' கேட்பது, வீடு பற்றி எரியும்போது புகைக்கு மருந்து கேட்பது மாதிரி.

அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் 'ஏ' பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

'பி' அப்படியல்ல. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவுகிறது. கண் வெளுத்த பிறகும் சிலர் உடம்பில் தங்கிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு. பல வருஷம் சத்தமே இருக்காது. பிறகு சிரோசிஸ் அல்லது கல்லீரல் புற்றுநோய் என்று வந்து நிற்கும்.

'நம்ம மூலிகையை எவன் சார் ஆராய்ச்சி பண்ணான்?' என்று ஒரு புலம்பல் உண்டு. பண்ணினார்கள், நம் சென்னையிலேயே! சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதியது. 'பி' வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய ப்ளம்பர்க்கும் அதில் சக ஆசிரியர். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்து? 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. மற்ற சோதனைகளையும் சேர்த்து அலசிய 2011-ம் வருட காக்ரேன் ஆய்வு, நாள்பட்ட 'பி' தொற்றுக்குப் பலன் உண்டு என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது.

இதில் சென்னைக் குழுவுக்கு எந்த அவமானமும் இல்லை. சோதித்தார்கள், எண்ணிக்கையோடு எழுதினார்கள், மற்றவர்கள் சரிபார்க்க வழிவிட்டார்கள். ஆராய்ச்சி என்பதே அதுதான். தப்பு நம்முடையது. 1988-ஐ ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு, பிறகு வந்ததைப் படிக்கவே இல்லை.

இங்கிலீஷ் டாக்டர்களும் ரொம்ப யோக்கியமில்லை. எந்த வைரஸ் என்று பார்க்காமல் 'லிவர் டானிக்' எழுதித் தருகிறவருக்கும் தெரு வைத்தியருக்கும் பாட்டில்தான் வித்தியாசம்.

'மருந்தே இல்லை' என்பதும் பொய். 'பி'யை டெனோஃபோவிர், என்டிகாவிர் மாத்திரைகள் அடக்கி வைக்கின்றன. பெரும்பாலும் அடியோடு ஒழிப்பதில்லை. 'சி'யை எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரைகள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஒழித்தே விடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 'பி'க்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் போட்டதா, தெரியுமா?

கண் வெளுத்ததைக் கண்ணாடி காட்டும். வைரஸ் போனதா என்பதை எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனைதான் காட்டும். அடுத்த தடவை யாராவது 'பதினஞ்சே நாள்' என்று ஆரம்பித்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'எந்தக் காமாலை சார்?'