வாய்ப்பேச்சு வீடு

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைப் 'பாடு' முறையில் ஊர் கூடி வைக்கிறது. ஊரே அதற்குச் சாட்சி. அதே குப்பத்தில் வீடு கட்டும்போதும், "மேஸ்திரி நம்ம ஆளுதானே, எழுத்து எதுக்கு?" என்கிறார்கள். இதைத்தான் நான் ஏற்க மாட்டேன். வீட்டுப் பேச்சுக்கு இரண்டே பேர்தான் சாட்சி. பின்னால் சண்டைக்காரர்களும் அந்த இரண்டு பேர்தான்!

வாய்ப்பேச்சு செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். சிக்கல் நிரூபிப்பதில்தான். சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசியாயிற்று, சரி. சன்ஷேடும் படிக்கட்டும் அளவில் சேருமா? உப்புத்தண்ணியில் கலவை போட்டுக் கம்பி துருப்பிடித்தால் யார் பொறுப்பு? அதெல்லாம் பேசவே இல்லையே! மேஸ்திரி பக்கமும் பாருங்கள்: பணம் தரும் தேதி பேசாவிட்டால், வேலை முடிந்து 3 ஆண்டுக்குள் அவர் வழக்குப் போட வேண்டும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் அப்படி. "அடுத்த சீசன்ல தர்றேன்" என்பதிலேயே அது ஓடிவிடும்.

சிவில் படிக்கும் நமக்கு எம்.புக் எழுதத் தெரியும். சொந்த ஊரில் ஏன் அதை எடுப்பதில்லை? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: அளவு, கலவை விகிதம், கொடுத்த பணம், தேதி, இருவர் கையெழுத்து. "என்னடா, நம்பிக்கை இல்லையா?" என்று மாமா முறைப்பார். முறைக்கட்டுமே!