மண்ணைப் படிக்காமல் அகழாய்வு வேண்டாம்

தொல்லியல், மண்ணியல், நிலவியல் துறைகளில் பணிபுரிவோரும் அவற்றில் ஈடுபாடு உள்ளோரும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. தமிழ்நாட்டு அகழாய்வுகள் குறித்து நாங்கள் எடுத்துள்ள நிலைப்பாடு இது: முதல் குழி வெட்டும் நாளிலிருந்தே மண்ணை ஆராயத் தெரிந்த ஒருவர் களத்தில் இருக்க வேண்டும். பானை ஓட்டுக்கும் இரும்புத் துண்டுக்கும் கிடைக்கும் எண்ணும் பதிவும் பாதுகாப்பும் அவற்றைச் சூழ்ந்திருந்த மண்ணுக்கும் கிடைக்க வேண்டும். அகழாய்வு அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாகவே இதைச் சேர்க்க வேண்டும்.

குழியில் கிடைத்த பானையைப் பத்து ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். அள்ளிக் கொட்டிய மண்ணை மறுபடி அடுக்கிப் பார்க்க முடியாது. தோண்டத் தோண்ட அழிகிற சான்று அது ஒன்றுதான்.

அத்திரம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய இந்த ஊரில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். பின்னால் பலர் தோண்டினார்கள். ஆனால், அங்கே அடியில் கிடந்த மென்படலங்களாலான களிமண் டைனோசர் காலத்துப் பாறை சிதைந்து உண்டானது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. அப்படியானால் அதற்குள் மனிதன் செய்த கருவி இருக்க வழியில்லை. 1999-இல் தொடங்கிய அகழாய்வில் சாந்தி பப்புவின் குழுவினர் நிலவியலாளர்களையும் சேர்த்துக்கொண்டு அந்தக் களிமண்ணையே ஆராய்ந்தார்கள். அது ஆற்று வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த மண் என்று தெரிந்தது. அதற்குள்ளேயே கைக்கோடரிகள் கிடைத்தன. மண்ணில் பதிந்திருந்த காந்தப் புலத்தின் திசை, காஸ்மிக் கதிர்களால் கல்லில் உண்டான அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டபோது அக்கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று வந்தது. 2011-இல் அந்த முடிவு வெளியானது. கருவிகள் என்றைக்கும் அங்கேதான் கிடந்தன. தடுத்து நின்றது மண்ணைப் பற்றிய ஒரு தவறான முடிவு.

தக்காணத்துச் சாம்பல் மேடுகளின் கதையும் இப்படிப்பட்டதே. அவை உலோகம் உருக்கிய கழிவு என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். எரிந்த மாட்டுச் சாணம்தான் என்பதை 1960-இல் எஃப். இ. சாய்னரின் ஆய்வு உறுதிசெய்தது. அதே சாய்னர்தான் தொல்லியலாளர் ஆல்சினுடன் சேர்ந்து திருநெல்வேலிச் சீமையின் தேரி மணலையும் அதில் கிடைத்த நுண்கற்கருவிகளையும் பற்றி 1956-இல் எழுதியவர்.

இப்போதைய நிலைக்கு வருவோம். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கிடைத்தது. 2025 ஜனவரியில் வெளியான அரசு அறிக்கை அங்கே இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580-ஐக் காட்டியது. இவற்றில் எங்களுக்கும் பெருமை உண்டு. பெருமை இருப்பதால்தான், யார் கேட்டாலும் அசையாத அளவுக்கு இவற்றின் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறோம். கரித்துண்டின் வயது ஒன்று, அது கிடந்த அடுக்கின் வயது இன்னொன்று. கரிசல் நிலம் கோடையில் வெடிக்கும்; மேலே கிடக்கும் சிறு பொருள் வெடிப்பு வழியாக இறங்கிவிடும். கரையானும் எலியும் வேரும் இதே வேலையைச் செய்யும். கரி அந்த இடத்திலேயே எரிந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்பதை அறிய வழி இருக்கிறது. குலையாத மண்கட்டியை வெட்டியெடுத்து, பிசின் ஊற்றி இறுக்கி, 0.03 மி.மீ. தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆழத்தின் அளவை மட்டும் வைத்து வாதாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செலவும் தாமதமும் ஆகும் என்று சொல்வார்கள். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் ஆகும் என்பது மெய்தான். ஆனால் களத்தில் மாதிரி எடுக்கச் சில மணி நேரமே போதும். எடுத்து வைத்த மண்கட்டி காத்திருக்கும். எடுக்காமல் விட்டதற்குத்தான் மாற்று இல்லை. மணல் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று கணக்கிடும் ஒளிர்வுக் காலக்கணிப்புக்கு அதை வெளிச்சம் படாத குழாயில் எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அந்த மாதிரி வீண். குழியின் சுவரில் இருந்த ஈரத்தையும் வெட்டிய உடனே அளக்க வேண்டும். மணலைச் சேரும் கதிர்வீச்சை அந்த ஈரம் குறைக்கிறது, அதனால் கணக்கு மாறும். பல வாரம் வெயிலில் காய்ந்த குழியில் அந்த அளவு இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மண்வெட்டி பிடிப்பவர்கள் உள்ளூர் விவசாயக் கூலிகள். களர் எது, கரம்பை எது, சுக்கான் எங்கே தொடங்குகிறது என்று கையாலேயே சொல்லிவிடுவார்கள். "இங்க மண்ணு மாறுதுய்யா" என்று அவர்கள் சொல்வது பதிவேட்டில் ஏற வேண்டும், அறிக்கையில் அவர்கள் பெயரும் இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு தொல்லியல் மேட்டிலும் ஒரு பகுதியைத் தொடாமல் விடுங்கள். நாளை வரும் ஆய்வுக் கருவிகளுக்கு அது வேண்டும். மண் மாதிரிகளுக்கென மாநிலத் தொல்லியல் துறை ஒரு காப்பகம் அமைக்க வேண்டும். காலக்கணிப்பை வெளியிடும்போது குழிச்சுவரின் வரைபடத்தையும், மாதிரி எடுத்த இடத்தைக் குறித்து, அதனுடனேயே வெளியிட வேண்டும். ஒளிர்வுக் கணிப்புக்கும் மண் தகட்டு ஆய்வுக்கும் நம் பல்கலைக்கழகங்களிலேயே வசதி செய்து, தொல்லியல் மாணவர்களுக்கு மண்ணியலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பங்கள் தயாராகும்போதே மண் ஆய்வுக்கான ஆளும் தொகையும் அவற்றில் இடம்பெற வேண்டும் என்று மாநிலத் தொல்லியல் துறையையும், அனுமதி வழங்கும் இந்தியத் தொல்லியல் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.